வேர்க்காத பிள்ளைகள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு அடக்கமாச் சிரிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடக்கமாவது ஒன்றாவது! பல் இல்லை, அவ்வளவுதான். மேல்வரிசையில் முன்பல் இரண்டுக்கும் பக்கத்தில் வரவேண்டியவை வரவே இல்லை. கோரைப் பற்கள் நெல் முனை மாதிரி கூராக முளைத்திருந்தன. சிரிப்பு வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வேன், முடியாவிட்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். பசுமலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்த பிறகும், பிள்ளைகள் கோணங்கித்தனம் செய்து சிரிப்பு மூட்டினால் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சிரித்து முடித்துவிட்டுத்தான் திரும்புவேன். சின்ன வயதிலிருந்தே அம்மா என்னை அப்படிப் பழக்கியிருந்தாள்.

எழுபதுகளின் நடுவில் செல்லூருக்கு வாக்கப்பட்டு வந்தேன். வீட்டுக்காரர் விசைத்தறிகளுக்கு ரிப்பேர் வேலை பார்த்தார். மாமனார் மாமியார் இல்லாத வீடு. சந்துக்குள் சந்து, அதற்குள் மாடியில் தகரக் கூரை போட்ட இரண்டு அறை. மறுவருஷம் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். உசிலம்பட்டி ரோட்டில் எங்கள் ஊர். பையன் பிறந்தான். மருத்துவச்சி துணியில் சுற்றி அம்மா கையில் கொடுத்தாள். அம்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்துகொண்டிருந்தது. புருவம் இல்லை. கண்ணைச் சுற்றிக் கிழவனுக்கு இருப்பதுபோல் கறுத்த சுருக்கம். அம்மா பிள்ளையை என் பக்கத்தில் கிடத்திவிட்டு வெளியே போய்விட்டாள். ஊரில் யாருக்குப் பேரன் பிறந்தாலும் குலவை போடுகிற பொம்பளை, அன்றைக்குக் குலவை போடவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் இப்படித்தான் இருந்தான்.

என்னைவிட மூன்று வயது இளையவன். தலையில் பூனை மயிர். வாயில் மொத்தமே மூன்று பல். மூன்றும் ஆணி மாதிரி இருக்கும். தெருப் பிள்ளைகள் "ஏ கெழவா" என்று கூப்பிடுவார்கள். அவனும் சளைக்காமல் "என்னடா பேராண்டி" என்று திருப்பிக் கொடுப்பான். வெயில் ஏறிவிட்டால் வீட்டில் தங்கமாட்டான். கண்மாயில் போய்க் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொள்வான். "எருமை மாட்டைப் பெத்திருக்கேன்" என்று அம்மா கம்பை எடுத்துக்கொண்டு கரையில் நின்று கத்துவாள். அவன் தண்ணீருக்குள்ளிருந்தபடியே பல்லில்லாத வாயைக் காட்டிச் சிரிப்பான்.

அவனுக்கு ஆறு வயசு, எனக்கு ஒன்பது. கண்மாய் வற்றிப்போன ஒரு கோடையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மை என்று முடிவு கட்டினார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். டாக்டரிடம் போகக்கூடாது, உடம்பில் தண்ணீர் படக்கூடாது, காற்றுப் படக்கூடாது. அறைக் கதவைச் சாத்தி, கம்பளியைப் போர்த்தி, என்னைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். "தண்ணிப் பானைப் பக்கம் விட்றாத, தவழ்ந்து போயிருவான், காலைப் புடிச்சுக்க" என்று அம்மா சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன். "என்னியக் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போக்கா, கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கண்மாயில் தண்ணீர் இல்லையென்று அவனுக்கு மறந்துவிட்டது. நான் காலை விடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை நான். மூன்றாம் நாள் மத்தியானம் அவன் கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

அவன் மேல் ஒரு முத்துக்கூடப் போடவில்லை. அதை யாரும் பேசவில்லை. ஆத்தா கொண்டுபோய்விட்டாள் என்று சொல்லி, அவன் போட்டிருந்த அரைஞாண் கயிற்றிலிருந்து எல்லாவற்றையும் எரித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன் பேச்சே கிடையாது. இரண்டு பொம்பளைப் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்க வேண்டிய வீடு. நானும், அப்போது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த தங்கையும். தங்கைக்கு அவன் முகமே நினைவில்லை. அவளுக்கு அவன் அம்மையில் செத்த அண்ணன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்கும் அதே கதையைத்தான் சொல்லியிருந்தோம்.

என் பிள்ளை பிறந்த அன்று சாயங்காலம் அம்மா உள்ளே வந்தாள். பிள்ளையைத் தொடாமலேயே பேசினாள்.

"யார்ட்டயும் வாயத் தொறக்காத. ஒனக்கு இன்னம் ஒரு தங்கச்சி இருக்கா."

நான் தலையாட்டினேன். பிள்ளை பெற்று அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பேரம் முடிந்துவிட்டது. சீ, இப்போது எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்தோம். நாவிதர் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எடுக்க என்னத்தா இருக்கு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சம்பிரதாயத்துக்குத் தண்ணீரைத் தொட்டுத் தலை முழுக்கக் கத்தியை ஓட்டினார். கீழே விழுந்ததைக் கோயிலுக்குக் கொடுக்க ஒரு வெற்றிலை போதுமானதாக இருந்தது. தாய்மாமன் மடி இல்லாததால் பெரியப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினோம். பந்தியில் ஒரு தூரத்துச் சொந்தக்கார அம்மா, "அடி ஆத்தி, தாய்மாமனை உரிச்சு வச்சிருக்கானே!" என்று உரக்கச் சொன்னாள். அம்மா பாய்ந்துபோய் அவள் இலையில் கறியை அள்ளிப் போட்டு, "நீ சாப்புடு மதினி, நீ சாப்புடு" என்று வாயை அடைத்தாள். என் வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில், "ஒன் தம்பி இம்புட்டு அழகாவா இருந்தான்?" என்று பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டே கேட்டார். ஆமாம் என்றேன்.

பிள்ளைக்குக் கோடை என்றால் காய்ச்சல். பங்குனி பிறந்தால் தொடங்கும், ஆடிக்காற்று வீசினால்தான் விடும். தகரக் கூரையின் கீழே மத்தியானம் உடம்பு நெருப்பாகும், பொழுது சாய்ந்தால் தானாக இறங்கும். தவழ்கிற வயதில் சிமெண்டுத் தரையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கிடப்பான். நடக்கத் தொடங்கியதும் தண்ணீர்ப் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். பானையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்மாய்தான் நினைவுக்கு வரும். ஈரத்துணியை மேலே போட்டால் அடங்குகிறது என்று கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடித்தேன் என்ன, எனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்த விஷயம்தானே.

அந்தப் பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். நல்ல மனுஷன், கைராசிக்காரர். நெஞ்சுச் சளி என்றார், டைபாய்டு என்றார், மலேரியாவாக இருக்கலாம் என்றார். ஊசி மேல் ஊசி. "ஈரம் கீரம் படாமப் பாத்துக்கம்மா, சளி கட்டிரும்" என்றார். எதுவும் சரிப்படாத ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் மொட்டைத் தலையையும் பொக்கை வாயையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, ஒங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருந்திருக்கா?"

அது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை என் தங்கையைப் பெண் பார்க்க அவனியாபுரத்திலிருந்து வருகிறார்கள். அவளுக்கும் எனக்கு இல்லாத அதே இரண்டு பல் இல்லை. அம்மா அவளை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுப்பல் வைத்துக் கூட்டி வந்திருந்தாள். அந்த டாக்டரின் சீட்டு எழுதுகிற பையனுக்கு அவனியாபுரத்தில் சொந்தம் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"இல்ல டாக்டர். யாருக்கும் இல்ல."

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "அவுங்க பக்கமும் இல்ல, எங்க பக்கமும் இல்ல டாக்டர்" என்று சாட்சி வேறு சொன்னார். டாக்டர் மறுபடியும் பேனாவை எடுத்தார். ஈரத்துணியை நான் நிறுத்தினேன். டாக்டரை மீறி ஈரத்துணி போட்டால் ஏன் போடுகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்பார், கேட்டால் தம்பியைச் சொல்ல வேண்டிவரும். அவர் வேலைக்குப் போனபிறகு திருட்டுத்தனமாக நனைத்துவிட்டு, அவர் வருவதற்குள் துடைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் இருப்பார். அன்றைக்குப் பிள்ளை கொதித்துக்கொண்டு கிடக்கும். நான் அடுப்படியில் இருப்பேன். பெற்ற பிள்ளைக்கு நல்லது செய்யக்கூட ஒளிந்து செய்தவள் நான்.

தங்கை கல்யாணம் நடந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். நாங்கள் ஒன்றுதான் சொன்னோம். மாப்பிள்ளை வீட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தங்கமான பையன். கல்யாண போட்டோவில் தங்கை வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பக்கத்தில் நான் உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறேன். என் பிள்ளை போட்டோவில் இல்லை. காய்ச்சல் என்று சொல்லி ஒரு பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டிருந்தேன். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் இல்லை.

மூன்றாவது கோடையில் கண் செருகி, கூப்பிட்டால் கேட்காத நிலைமைக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து முழுக்க ஓடினார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். நரைத்த தலை, கறாரான பேச்சு. உள்ளே வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை, பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான். "தண்ணியா டாக்டர்?" என்று நர்ஸ் தயங்கினாள். "ஊத்து" என்றார். அரைமணி நேரத்தில் பிள்ளை கண் விழித்து, குழாயைக் காட்டி இன்னும் வேண்டும் என்று கேட்டான்.

பிறகு எங்களை உட்காரவைத்துக் கேட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு என்னைக்காவது வேர்த்துப் பாத்திருக்கீங்களா?"

வீட்டுக்காரர் யோசித்தார். அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "வேர்த்ததே இல்ல டாக்டர். நான் தறிக்கூடத்துல வேர்த்து ஊத்தி நிப்பேன், இவன் சட்டை மட்டும் காஞ்சே இருக்கும். பய வெயில் தாங்குற ஒடம்புன்னுல்ல நெனச்சேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க வாயைத் திறங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்."

"திறங்கம்மா."

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, என் வீட்டுக்காரர் முன்னால் முதல் தடவையாக வாயை முழுசாகத் திறந்தேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "கூடப் பிறந்தவங்க?" என்றார். இனி எதை மூடுவது? தம்பியைச் சொன்னேன். தலைமுடி, பல், கண்மாய். காலைப் பிடித்துக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை.

அவர் ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயரைச் சொன்னார். அபூர்வமான நோய், புத்தகத்தில் படித்ததுதான், கண்ணால் பார்ப்பது இரண்டாவது தடவை என்றார். வேர்வைச் சுரப்பி இல்லாமல், பல்லும் முடியும் சரியாக இல்லாமல் பிறக்கிற பிள்ளைகள். வேர்வை இல்லாவிட்டால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. வெயில் ஏற ஏற உடம்பும் ஏறும். அது காய்ச்சலே இல்லை, அதற்கு மருந்தும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்தான் வேர்வை. அறிவுக்கு ஒரு குறையும் வராது, கோடையில் கொன்றுவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இவ்வளவையும் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

"இது தாய் வழியா வரும். பொண்ணுங்க சுமப்பாங்க, பையன்கள் அனுபவிப்பாங்க. ஒங்களுக்குத் தங்கச்சி இருக்கா?"

"இருக்கா டாக்டர். கல்யாணம் ஆயிருச்சு."

"அவங்களுக்கும் பல் இப்படியா?"

"ஆமா."

"அப்ப முதல்ல போய் அவங்ககிட்ட சொல்லுங்க. பையன் பிறந்தா முதல் கோடைதான் பெரிய கண்டம்."

"சொல்லிர்றேன் டாக்டர்" என்றேன்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் பிள்ளையை என் கையில் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தொட்டித் தண்ணீரில் உட்காரவைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்: "இவன் கொதிச்சுக் கெடந்த அம்புட்டு நாளும் ஒனக்குத் தெரியும்ல?" அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். பத்து நாள் பேசவில்லை. ஆனால் மறுநாளே தகரத்தின் மேல் தென்னங்கீற்று வாங்கிப் போட்டார், காடாத் துணியில் பிள்ளைக்கு நாலு சட்டை தைத்து வாங்கி வந்தார், நனைத்துப் போடுவதற்கு.

அதற்குப்பிறகு என் பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தான். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஏன் என்று பின்னால் தெரியும். என் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தேன். செல்லூரில் நனைத்துப் போட்ட சட்டை, பஸ் சிம்மக்கல் தாண்டும்போது சொட்டும், பழங்காநத்தம் வருவதற்குள் காய்ந்துவிடும். பாட்டிலில் வைத்திருக்கும் தண்ணீரை அங்கே இன்னொரு தடவை ஊற்றுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் திட்டுவார்கள். நானும் விடமாட்டேன், "ஒங்க சீலை காஞ்சிரும், எம் பிள்ளை ஒடம்பு காஞ்சா வராது" என்பேன். ஐந்து வயதில் பொம்மைக்குச் செய்ததுபோல் ஒரு குட்டிப் பல்செட் செய்து போட்டோம். அதை வகுப்பில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பொக்கை வாயைக் காட்டி மற்ற பிள்ளைகளை அலறவிடுவான். மூன்று தடவை பல்செட்டைத் தொலைத்தான். ஒரு தடவை நீராகாரத்தில் கிடந்து எடுத்தோம்.

தங்கையிடம் சொல்லவில்லை.

சொல்லக்கூடாது என்று இல்லை. சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கல்யாணமான புதிது, இப்போதா போய்ச் சொல்வது? இரண்டு வருஷம் பிள்ளையில்லை, அந்தக் கவலையில் இருப்பவளிடம் போய் இதையா? உண்டாகிவிட்டாள், வயிற்றுப் பிள்ளைக்காரியை மிரட்டவா? பெண்ணாகவும் பிறக்கலாமே. ஒவ்வொரு காரணமும் யோக்கியமான காரணம் மாதிரிதான் வந்து நின்றது. என் பிள்ளைக்கு என்ன என்று அவள் கேட்டபோதெல்லாம், "வெயில் ஒத்துக்கல, தோல் வியாதி" என்றேன். அம்மாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "மாமியாகாரிக்குத் தெரிஞ்சா பிள்ளையோட அனுப்பி வச்சிருவாடி. வாழாவெட்டியா வந்து நின்னா நீயா வச்சுக் காப்பாத்தப் போற?" என்றாள். உண்மையைச் சொன்னால், அதற்கு நான் ஒரு பதிலைத் தேடவே இல்லை.

பொங்கலுக்கு அவனியாபுரத்தில் மாடு பிடிக்கிறதுக்கு முதல்நாள், அம்மா வீட்டில் தங்கைக்குப் பையன் பிறந்தான். போய்ப் பார்த்தேன். வெங்காயச் சருகாகத் தோல். புருவம் இல்லை. தங்கை ஆசையாக, "யாரு மாதிரிக்கா இருக்கான்?" என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஒன்னிய மாதிரிதான்" என்றேன்.

மூன்றாம் மாதம் பிள்ளையோடு அவனியாபுரம் போனாள். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியே தீருவது என்று கிளம்பிப் போனேன். அவள் மாமியார் காப்பி போட்டுக் கொடுத்து, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "பிள்ளைய வெக்கையில போடாத, அடிக்கடி ஈரத்துணியால ஒடம்பத் தொடச்சுவிடு" என்றேன். "எல்லாரும் சொல்றதுதானக்கா" என்றாள் அவள். ஆமாம், எல்லாரும் சொல்வதுதான். காரணத்தைச் சொல்லாத புத்திமதியை யார் மதிப்பார்கள்? ஆனாலும் வீட்டுக்காரரிடம் வந்து, சொல்லிவிட்டேன் என்றேன். பாதி சொன்னதைச் சொன்னதாகவே கணக்கு வைத்துக்கொண்டேன்.

சித்திரையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை. பஸ் பிடித்து ஓடினேன். மணி மூன்று இருக்கும். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

கால் அங்கேயே நின்றுவிட்டது. எனக்குத் திரும்பவும் ஒன்பது வயதாகிவிட்டது.

தங்கையின் மாமியார் படியில் உட்கார்ந்திருந்தார். "அம்மை வாத்திருக்குத்தா. நீ பஸ்ஸுல நாலு பேர இடிச்சு வந்த ஆளு, உள்ள வராத. தப்பா நெனக்காத" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேர் வாசலிலேயே நின்றார்கள். சாத்திய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "பயமா இருக்குக்கா. முத்து ஒண்ணுமே வெளிய வரல. கம்பளியச் சுத்தித்தான் வச்சிருக்கோம்."

முத்து வராது. அது அம்மை இல்லை. கம்பளியை எடு, தண்ணியை ஊத்து. நாலு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, ஒனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கு அந்த வாசலில் வைத்து, அத்தனை பேர் முன்னால், தங்கையின் கட்டுப்பல்லில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா?

"டாக்டர்ட்ட ஒரு எட்டுக் காட்டினா என்ன அத்தே?"

"அம்மைக்கு ஆரு டாக்டர்ட்ட போவா? நீயெல்லாம் ஒரு டீச்சரு!" என்று அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தேன். "நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ராத்திரி நேரங்கழித்து வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த வீட்டுக்காரரிடம் சொன்னதும், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "நீ இன்னம் சொல்லவே இல்லையா? அடிப்பாவி!" கடைசி பஸ் போய்விட்டிருந்தது. விடிகிற நேரத்துக்கு ஒரு நண்பரின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். வாசலில் யார் தடுத்தார்கள் என்று தெரியாது. வேப்பிலையை இடித்துக்கொண்டு உள்ளே போய், கம்பளியை உருவி எறிந்து, பிள்ளையை அள்ளிக்கொண்டு தொட்டிக்கு ஓடினேன். "அம்மை வாத்த பிள்ளைமேல தண்ணி ஊத்துறாளே பாவி" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "இது அம்மை இல்ல, இது எங்க வீட்டு வியாதி! எந் தம்பியும் இதுலதான் செத்தான், எம் பிள்ளைக்கும் இதுதான்!" என்று கத்தினேன். தெருவே கேட்டது.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் நான் போவதற்கு முன்பே, முந்தின நாள் முன்னிரவிலேயே அவனுக்கு ஜன்னி கண்டு, வலிப்பு வந்து வந்து போயிருக்கிறது. ஒரு பக்கமாகவே இழுத்ததாம். ஆத்தா விளையாடுகிறாள் என்று விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறார்கள்.

நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. தங்கையை யாரும் அனுப்பி வைக்கவில்லை. மாப்பிள்ளை ஒரே வாரத்தில் வீட்டுக்குள்ளேயே சிமெண்டுத் தொட்டி கட்டினார். மாமியார்தான் ஒரு நாள் அம்மாவைக் கேட்டார்: "ஆயிரம் பொய் சொல்லுங்க, நாங்களுந்தான் சொல்லியிருக்கோம். பச்சப்புள்ள உசுர்லயா பொய் சொல்லுவீங்க?" அம்மா தலைகுனிந்து நின்றாள். அம்மா மட்டும் அல்லவே. படித்தவள், டீச்சர், டாக்டர் கைப்பட எழுதிய சீட்டைப் பெட்டியில் வைத்திருந்தவள் நான்.

தங்கை அழவில்லை, சண்டை போடவில்லை. பல நாள் கழித்து ஒருமுறை, பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஊருக்கு மறைச்ச, சரி. அவுங்க வீட்டுக்கு மறைச்ச, அதுவும் சரி. நீ எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா நானும் சேந்து மறைச்சிருப்பேன்ல? தண்ணி ஊத்தத் தெரிஞ்சிருக்கும்ல? எனக்கு ஏன்க்கா மறைச்ச?"

அப்படி ஒரு வழி இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது சரிதான். நான் அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மறைத்தேன்.

பிள்ளைக்கு இரண்டு வயதானபோது, வலது கை சரியாக எழும்பவில்லை என்று அதே லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். தங்கை என்னையும் வரச்சொன்னாள். டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ பேரைப் பார்க்கிறவர். பிள்ளையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

தங்கை என் பக்கம் கையைக் காட்டினாள். "எங்க அக்காவுக்கு எல்லாம் தெரியும் டாக்டர். அவளக் கேளுங்க."

சொன்னேன். இந்தத் தடவை காலைப் பிடித்துக்கொண்டதையும், வேப்பிலை வாசலில் சிரித்துவிட்டு வந்ததையும் சேர்த்தே சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். அப்போது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"நான் அன்னைக்கே உங்ககிட்ட" என்று ஆரம்பித்தவர், தங்கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தங்கை ஒன்றும் கேட்காதவள்போல் குனிந்து, பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் வலது கையை எடுத்து மடியில் வைத்தாள். அது தானாக வராது, எடுத்துத்தான் வைக்க வேண்டும்.